கொட்டகையில் இல்லாத வண்டி

"ஹலோ... ஹலோ, மாப்ள, நான்தான் பேசறேன். வண்டி எங்க?"

மூத்தவர் காலிக் கொட்டகையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் காரைப் போர்த்தியிருந்த துணி உறை நான்காக மடிக்கப்பட்டுச் சுவரோரம் இருந்தது. காரைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருந்த மரக்கட்டைகள் அதன் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. எந்தத் திருடனும் இவ்வளவு ஒழுங்காக மடித்து, அடுக்கிவிட்டுப் போகமாட்டான். ஆகையால் அவர் போலீசுக்குப் போன் போடாமல், பல் டாக்டரான தங்கையின் கணவருக்குப் போட்டார்.

"... எந்த வண்டின்னா? மாப்ள, வாயில பஞ்சு வச்ச மாதிரி பேசறது உங்க கிட்ட வர்றவங்கதான். நீங்க தெளிவாப் பேசலாம். ... ஆமா. ... ஆமாமா, அப்பா வண்டி. ... சரி, அவ எங்க? குடுங்க போனை. ... ஓட்டறாளா. ... இப்பவா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்திப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அந்த வீட்டில் அதற்குத் தேவை வந்ததும் கிடையாது. இன்று உயர்த்த நினைத்தாலும் முடியாது. கொட்டகைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரே ஒரு கதவுதான். அந்தப் பக்கம் பழைய கார்களைக் காக்கும் சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டை கட்டிய செயலர், வண்ணத்தின் வயதைச் சொல்லும் நிபுணர், படம் பிடிக்க ஒரு பெண். மூத்தவரின் மனைவி கண்ணாடிக் கடைக்குப் போயிருந்ததால் அவரே டீ போட்டுக் கொடுத்திருந்தார். மூவரும் மரியாதைக்காக அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். உறையை எடுத்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், உறை ஏற்கெனவே எடுக்கப்பட்டிருப்பதைக் கண்டார்.

"மெதுவாத்தான் பேசறேன். ஹால்ல ஆளுங்க இருக்காங்க. ... வேற யாரு, சங்கத்துக்காரங்கதான். இன்னிக்கு வர்றாங்கன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா, தெரியாதா? ... தெரியும். ... ஓ. தெரிஞ்சதாலதான் இன்னிக்கு. நல்லது மாப்ள, ரொம்ப நல்லது. ஸ்பீக்கர்ல போடுங்க. ... அவ கண்ணு ரோட்டுலயே இருக்கட்டும். காது மட்டும் எனக்குப் போதும்."

மாப்பிள்ளையை அவர் நீ, போ என்று சொன்னதில்லை. இந்த நிலையிலும் சொல்ல வரவில்லை.

ஸ்பீக்கர் போட்டதும் முதலில் காதில் விழுந்தது தங்கையின் குரல் இல்லை, எஞ்சின். வருஷக்கணக்காக அவர் அந்த எஞ்சினைக் கொட்டகைக்குள் மட்டுமே கேட்டிருக்கிறார். மாதம் ஒருமுறை கட்டைகள்மேல் நிற்கும் காரை உறுமவிட்டு, புகை வெளியேறியதும் அணைத்துவிடுவார். இது வேறு குரல். காற்றைத் தள்ளிக்கொண்டு போகிற குரல். ஒரு கணம் அவர் எதற்காகப் போன் செய்தார் என்பதே மறந்துவிட்டது.

"... இருக்கேன். கேக்குது. மூணாவது கியர்ல போறே. ... சத்தத்துலதான் தெரியுது. ... சின்னவளே, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யாரைக் கேட்டு எடுத்தே?"

பதில் நீளமாக வந்தது. அவர் காதிலிருந்து போனைச் சற்று விலக்கி, ஹால் கதவைப் பார்த்துக்கொண்டார்.

"... உனக்கும் பாதி இருக்கு. நான் இல்லைன்னேனா? ... உக்காந்து பேசினோமே அன்னிக்கு. நீ, நான், மாப்ள, உங்க அண்ணி, எல்லாரும் இருந்தோம். காரைச் சங்கத்துக்குக் குடுக்கறதுன்னு நான் சொன்னேன். நீ வாயைத் திறக்கலை. ... திறக்கலைன்னா சரின்னுதானே அர்த்தம்? ... நான் பேசும்போது இந்த வீட்டுல யாரு குறுக்க பேசியிருக்கான்னா, அதுக்கு நானா பொறுப்பு?"

அந்தக் கேள்வி சரியாக விழவில்லை என்பது கேட்டபிறகே அவருக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

சங்கத்தின் விதி எளிமையானது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒரு பாகமும் மாறாமல் இருக்கிற வண்டிக்குக் கைபடாத வண்டி என்று சான்று தருவார்கள். அதன்பிறகு அது சங்கத்தின் கண்ணாடி மண்டபத்தில் நிற்கும். பக்கத்தில் பித்தளைத் தகட்டில் முதல் உரிமையாளர் பெயர் பொறிக்கப்படும். சக்கரம் மட்டும் மறுபடி உருளாது. அப்பாவின் அச்சகம் இப்போது செருப்புக் கடை. அச்சகத்தின் பெயரை அந்தத் தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியாது. அப்பாவின் முழுப்பெயரை ஊரார் நின்று படிக்கக்கூடிய இடம் என்று ஒன்று இனி கிடைக்குமானால் அது அந்தத் தகடுதான். மூத்தவர் மூன்று வருஷமாக அதற்காகத்தான் அலைந்தார்.

"... அப்பா ஓட்டினாரு. யாரு இல்லைன்னா? அவரு ஓட்டினது அவரு காலம். ... மண்டபத்துல நிக்கற காரு செத்த காருன்னா, அப்ப சிலையெல்லாம் பிணமா? ... சரி, சரி, சண்டைக்கு இப்ப நேரமில்லை. ... இன்னிக்கு ஒரே ஒரு நாள்தான்னு நீ சொல்றே. மீட்டர்ல ஓடின தூரத்தை அவங்க எழுதி வாங்கியிருக்காங்கம்மா. அதுல ஒரு நம்பர் கூடினா... என்ன? ... எல்லாம் பாத்துட்டுத்தான் எடுத்தியா. சரி, என்ன பாத்தே?"

தங்கை பட்டியல் போட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டிக்கொண்டே வந்தார். எண்ணெய், ம். தண்ணீர், ம். பேட்டரி, ம்.

அடுத்ததற்கு அவர் ம் கொட்டவில்லை.

"... என்ன சொன்னே? ... காத்தா? எங்க அடிச்சே? ... பெட்ரோல் பங்க்ல. எவ்வளவு? ... நாலுக்கும் முழுசா அடிச்சிட்டியா?"

கொட்டகைச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"சின்னவளே. நான் சொல்றதைக் கேளு. எங்க இருக்கே இப்ப? ... பாலம் தாண்டிட்டியா? ... ஏரிக்கா போறீங்க? அப்ப இறக்கம் இன்னும் வரலையே? ... வரப்போகுதா. வேகம் என்ன? ... முதல்ல ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடு. ... எதுக்குன்னு அப்புறம் கேளு. எடு. ... டயர். டயர் தாங்காது. ... ஆமா, இப்பத்தான் சொல்றேன். ஏன்னா நீ இப்பத்தான் எடுத்திருக்கே."

அவள் காலை எடுக்கவில்லை. எஞ்சினின் குரல் இறங்கவே இல்லை.

"... கதை விடலை. ... கிளட்ச் வேற, இது வேற. ... ஆமா, போன வருஷம் கிளட்ச் போச்சுன்னு சொன்னேன். அதுக்கு முன்னாடி ரேடியேட்டர் ஒழுகுதுன்னு சொன்னேன். ஒத்துக்கறேன். கிளட்ச் நல்லாத்தான் இருக்கு, ரேடியேட்டர் ஒழுகலை. நீ கேக்கறப்போல்லாம் ஏதோ ஒண்ணு சொன்னேன். ... அதை அப்புறம் ஊர் கூட்டிக் கேளு. இது நிஜம்மா. இது மட்டும் நிஜம். மாப்ள, நீங்களாவது சொல்லுங்க."

மாப்பிள்ளை என்ன சொன்னாரோ, அதில் பயன் இல்லை. அவர் வீட்டில் அவர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு மூத்தவருக்குத் தெரியாததல்ல.

டயர் விஷயம் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். கார் வாங்கிய வாரமே அப்பா அதன் ஐந்து டயர்களையும் கழற்றிவிட்டார். இந்த ஊர் ரோட்டுக்கு இவை ஆகாது என்று முரட்டு டயர்களைப் போட்டு ஓட்டினார். கழற்றியவை பரணில் சாக்கில் சுற்றிக் கிடந்தன. சங்கத்தின் விதியைப் படித்தபிறகு மூத்தவர் அவற்றை இறக்கித் துடைத்து மறுபடி மாட்டினார். ஓடாத டயர்கள். புது ரப்பரில் அச்சிலிருந்து வரும் மெல்லிய முடிகள்கூட அவற்றில் உதிராமல் நின்றன. வீட்டுக்கு வருகிறவர்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போய், குனிய வைத்து, அந்த முடிகளை விரலால் தடவச் சொல்வார். இப்போது கடையில் விற்கிற எந்த டயரும் இதன் கால்தூசிக்குக்கூட வராது என்பார்.

அந்தப் பேச்சைத்தான் தங்கை இப்போது அவரிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"... முடி இருக்கு. ஆமா. நான்தான் தடவிப் பாருன்னேன். ... உன் சம்பந்திகிட்டயும் சொன்னேன். ... புது டயரை விட இது உசத்தின்னு நான் சொன்னேன், இல்லைங்கலை. ... அது..."

ஹால் பக்கம் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அவர் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"அது பெருமைக்குச் சொன்னதும்மா."

 அப்போது, எஞ்சினுக்கும் காற்றுக்கும் பின்னாலிருந்து, ஒரு சிறு இருமல் வந்தது. ஆண் இருமல் இல்லை. தங்கையின் இருமலும் இல்லை. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டுதான் அவர் தினமும் காலையில் கண்விழிக்கிறார்.

"... பின்னாடி யாரு?"

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"மாப்ள, பின் சீட்ல யாரு இருக்கா? ... வந்து போய்னு இழுக்காதீங்க. ... கண்ணாடிக் கடைக்குன்னுதானே சொல்லிட்டுப் போனா. ... குடுங்க. அவகிட்ட குடுங்க போனை."

போன் கை மாறியது. ஜன்னல் ஓரத்துக் காற்று இரைந்தது. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இங்கே பாரு என்பதுதான் இத்தனை வருஷமாக அவளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்.

"இங்க பாரு. ... ம். ... எதுக்கு என்கிட்ட மறைச்சே? ... சொன்னா விட்டிருக்க மாட்டேன். ஆமா, விட்டிருக்க மாட்டேன்தான். ... சரி. ... சிரிக்கிறியா? ... இல்லை, உன் குரல் ஒரு மாதிரி இருக்கே. ... நல்லா இருக்கா? சீட்டு... அந்தத் தோல்... சரி, உக்காந்துட்டே, இனி என்ன. ... கல்யாணத்தன்னிக்கு ஏத்தினது. அதுக்கப்புறம் இல்லை. ... நான் உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்லைன்னு இப்பவா சொல்லணும்? ... நீ சொல்லலை, சரி, நானாத்தான் சொன்னேன்."

நெற்றியில் வியர்வை இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"கேளு. நான் உன்கிட்ட பொய் சொன்னதுண்டா? ... யோசிக்காம சொல்லு. ... சரி, அது பொய்யில்லை, சொல்லாம விட்டது. வேற? ... இல்லையில்ல. அப்ப இதைக் கேளு. அந்த டயர் பாக்கறதுக்குத்தான். ஓட்டறதுக்கில்லை. மாசாமாசம் நான் கறுப்பு பூசறேனே, எதுக்குன்னு நினைச்சே? ... பளபளப்புக்கில்லை. உள்ள பூரா வெடிப்பு. நூல் நூலா. விரலை வச்சாத் தெரியும். தெரியக் கூடாதுன்னுதான் பூசினேன். அதான் கட்டை மேல நிறுத்தினேன். உருவம் நிக்கற அளவுக்குத்தான் காத்து வச்சிருந்தேன். அதுல போய் முழுக் காத்தை அடிச்சு, மூணு பேரு ஏறி, இந்த வெயில்ல... இறக்கத்துல அது வெடிச்சா நீங்க ரோட்டுல இருக்க மாட்டீங்க. ... ஆமா. ... ஆமா, சத்தியமா. அவகிட்ட சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டா, நீ சொல்லு."

அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் நீளமாக அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. பிறகு, எஞ்சினின் குரல் மெல்லத் தாழ்ந்தது.

"... காலை எடுத்துட்டாளா? நல்லது. பிரேக்கைத் தொட வேண்டாம்னு சொல்லு. தானா குறையட்டும். ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொல்லு. ... ரெண்டாவது கியர். மெதுவா. ... ஓரத்துல என்ன இருக்கு, மண்ணா, சரளைக் கல்லா? ... கல்லு வேண்டாம். கல்லுல ஏத்த வேண்டாம். இன்னும் கொஞ்சம் போகட்டும். ... மரம் ஒண்ணு தெரியுதா. அதுக்கு அந்தப் பக்கம் மண்ணுதானா? ... சரி, அங்க. ... விடு, விடு, அதுவா உருண்டு நிக்கட்டும்."

கதவு லேசாகத் திறந்தது. செயலரின் முகம் பாதி தெரிந்தது. மூத்தவர் போனை மார்போடு அழுத்திக்கொண்டு, கொட்டகையின் உட்புறம் அவருக்குத் தெரியாதபடி நகர்ந்து நின்றார்.

"இதோ வந்துட்டேன் சார். வீட்டுலேர்ந்து போன். ... உக்காருங்க, தயவுசெய்து."

கதவு மூடிக்கொண்டது. போனைக் காதுக்குக் கொண்டுபோனபோது எஞ்சின் சத்தம் இல்லை. அந்த நிசப்தம் அவருக்கு நல்லதா கெட்டதா என்று புரியவில்லை.

"ஹலோ... ஹலோ. இருக்கீங்களா? ... நின்னாச்சா. ... அப்பாடா. ... எல்லாரும் இறங்குங்க. ரோட்டுப் பக்கமா இறங்காதீங்க."

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சின்னவள் அப்பாவின் மகள். இறங்கிச் சுற்றி வந்து நான்கு டயரையும் பார்த்திருப்பாள். கறுப்பு பளபளத்திருக்கும். முடிகள் நின்றிருக்கும். போன் அவள் கைக்குப் போனதும் மூத்தவரின் முகம் கறுத்தது.

"... ஒண்ணும் தெரியாதும்மா. வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. தெரியாத மாதிரி பூசினவன் நான்தான்னு சொல்றேனே. ... மறுபடி ஏர்றியா? ... ஏறாதே. ... அண்ணியையும் சேத்து நான் ஏமாத்தறேனா. சின்னவளே, வார்த்தையைப் பாத்துப் பேசு. ... என் வார்த்தைக்கு இனி மதிப்பில்லைன்னு சொல்றே. சரி. சரி, இரு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். அந்த வீட்டில் மூத்தவர் சொன்னால் அது சொன்னதுதான். கடையில் கடன் கேட்டாலும், கல்யாணப் பேச்சுக்குப் போனாலும், அவர் வாயிலிருந்து வந்தது போதும், வேறு சாட்சி வேண்டாம் என்றிருந்தது. இன்று சொந்தத் தங்கை நடுரோட்டில் நின்று சாட்சி கேட்கிறாள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கு நேரமில்லை.

"டிக்கியைத் திற. அஞ்சாவது டயர் அங்க இருக்கு. அதுல நீ காத்து அடிக்கலையே? ... நல்லது. அதுவும் இதோட பிறந்ததுதான். அது மேலயும் கறுப்புதான் பூசியிருக்கேன். வெளிய எடு. ... பக்கத்துல ஸ்பேனர் பெட்டி இருக்கும். பெட்டியைத் திற. ... திறக்கலாம். நான்தான் சொல்றேன், திற. ... அதுல பெரிய ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு இருக்கும். மாப்ளகிட்ட குடு. ... மாப்ள, டயரோட பக்கவாட்டுல குத்துங்க. ... ஆமா, குத்துங்கன்னுதான் சொன்னேன்."

சங்கம் ஐந்தையும் ஒரே தொகுப்பாகத்தான் கணக்கில் எடுக்கும். ஒன்று போனால் ஐந்தும் போன மாதிரி. செயலர் வந்து உட்கார்ந்ததும் முதலில் விசாரித்ததே அந்த ஐந்தைப் பற்றித்தான். மாப்பிள்ளைக்கும் அது தெரியும். அவர் தயங்கினார் போலும்.

"... பரவாயில்லை மாப்ள. சொத்தைப் பல்லைக் குத்திப் பாக்கறதில்லையா நீங்க? அப்படி. ... நீங்க இப்படித் தடவிக் குடுத்தா ஒண்ணும் தெரியாது. ஓங்கி. ஓங்கிக் குத்துங்க."

போனில் ஓசை வந்தது. ரப்பரில் குத்துகிற மந்தமான ஓசை இல்லை. காய்ந்த ஓடு நொறுங்குகிற ஓசை. அதைத் தொடர்ந்து சின்னச் சின்னத் துண்டுகள் மண்ணில் விழுவது போன்ற ஒரு சலசலப்பு. 

மூத்தவர் அடுக்கியிருந்த மரக்கட்டைகளின்மேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியில் அழுக்கு ஒட்டும் என்ற நினைவு அவருக்கு வரவில்லை.

"... விரல் உள்ள போகுதா. ம். ... பொடியா வருதா. ம். ... இப்ப ஓடி வந்த டயரைப் பாருங்க மாப்ள. தொட வேண்டாம், உள்பக்கமா குனிஞ்சு மட்டும் பாருங்க. முகத்தைக் கிட்ட கொண்டு போகாதீங்க. ... என்ன? ... எந்த டயர்? ... ஈறு வீங்கின மாதிரியா? சரி, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே சொல்லுங்க. எவ்வளவு பெரிசு? ... உள்ளங்கை அளவு. ... பின்பக்கம். ... அவ உக்காந்திருந்த பக்கமா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தது. அவர் குரல் இன்னும் தாழ்ந்தது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. காரை விட்டு நல்லா தள்ளி. அந்த மரத்துக்குப் பின்னாடி போங்க. யாரும் அது பக்கத்துல போகக் கூடாது. ... காரைத் தூக்கிட்டுப் போற லாரிக்குச் சொல்லுங்க. அவங்க வந்து காத்தை இறக்கட்டும்."

போன் மறுபடி தங்கை கைக்குப் போயிருந்தது.

"... சொல்லும்மா. ... அழாதே. ... நீ என்ன பண்ணுவே, உனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் சொல்லலை. ... அழாதேன்னேன். ரோட்டுல போறவன் பாப்பான்."

சின்னவள் அழுதால் நிறுத்துவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும், சிறு வயதிலிருந்தே அப்படி. ஆனால் நிறுத்தியபிறகு அவள் மூளை வேகமாக வேலை செய்யும், அதுவும் சிறு வயதிலிருந்தே. மூத்தவர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். குறுக்குப் பேச்சில்லாமல் அவள் அவரிடம் இவ்வளவு நீளம் பேசியது அநேகமாக இதுவே முதல் முறை.

"... லாரியில ஏத்திக் கொண்டாந்துடலாம். ம். ... அவங்களைச் சாயங்காலம் வரச் சொல்லலாம். ம். ... மீட்டரையா? ... யாரோ ஒருத்தன் திருப்பிக் குடுப்பான். சரி. ... அஞ்சாவதை, உடைஞ்ச பக்கம் கீழ இருக்கற மாதிரி டிக்கியில படுக்க வைக்கலாம். மேல கறுப்பு அப்படியே இருக்கு. ... யாரு எடுத்துப் பாக்கப் போறாங்க. ம்."

அவர் ஹால் கதவைப் பார்த்தார். செய்தால் நடக்கும். செயலர் வயதானவர், குனிய மாட்டார். வண்ணம் பார்க்கிறவர் வண்ணத்தைப் பார்ப்பார். சான்று வந்துவிடும். தகட்டில் அப்பாவின் பெயர் முதலெழுத்தோடு வரும்.

"வேண்டாம்மா. ... வேண்டாம்னேன். ... எனக்கு ஆசை இல்லைன்னு யாரு சொன்னா? இருக்கு. உன்னை விட இருக்கு. ... கேளு. உடைஞ்ச பக்கத்தைக் கீழ திருப்பி வச்சு வாங்கற பேரு அப்பாவுக்கு வேண்டாம். அவரு கடையில ஒரு எழுத்து தப்பாப் போனா மொத்தத்தையும் கிழிச்சுப் போட்டு மறுபடி அடிப்பாரு. ... நான் கறுப்பு பூசினதே போதும். நீயும் சேந்து பூச வேண்டாம். ... ஆமா, தகடு இல்லை. ... இல்லைன்னா இல்லை. அதை நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டார்.  மூன்று வருஷ அலைச்சல் ஒரே வாக்கியத்தில் போய்விட்டது. ஆனாலும் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது.

"இப்ப நான் சொல்றதைச் செய். பங்க்குக்குப் பக்கத்துல டயர் கடை இருக்கா? ... லாரி அங்க கொண்டுபோய் இறக்கட்டும். நாலு புது டயர் போடச் சொல்லு. ... எந்தக் கம்பெனியா இருந்தா என்ன, அளவு சேந்தாப் போதும். நாலும் புதுசா இருக்கணும், ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னு ஏமாத்துவான், நீயே நின்னு பாரு. பிரேக்கையும் ஒரு தடவை பாத்துடச் சொல்லு. ... பழசா? அங்கயே போட்டுட்டு வா. ... கொண்டு வராதே. எனக்கு வேண்டாம்."

அதன்பிறகு சின்னவள் ஏதோ தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவருக்கு முதலில் புரியவில்லை.

"... போட்டுட்டு? போட்டுட்டு என்ன, வீட்டுக்குத்தான்... ஓ. ஏரி."

கொட்டகையின் சிமென்ட் தரையில் கார் நின்ற இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. எண்ணெய்ச் சொட்டு ஒன்றுகூட அங்கே இல்லை, விழவிட்டதில்லை.

"... போங்க. ... ஆமா, போங்கன்னுதான் சொன்னேன். இவ்வளவு தூரம் போயாச்சு. இறக்கத்துல மட்டும் ரெண்டாவது கியரை விடாதே. மத்தபடி அது உன் வண்டியும்தான். ... அண்ணிகிட்ட குடு."

ஹால் கதவு இம்முறை முழுவதும் திறந்தது. செயலர் வாசற்படியில் நின்றார். அவருக்குப் பின்னால் கேமராவைத் தோளில் மாட்டிய பெண். இருவரும் காலிக் கொட்டகையைப் பார்த்தார்கள், பிறகு மரக்கட்டைகளின்மேல் போனோடு உட்கார்ந்திருந்த மூத்தவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். பதறாமல், வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக எழுந்தார். ஒரு கையால், சற்றுப் பொறுங்கள் என்று செயலருக்குச் சைகை காட்டினார்.

"இங்க பாரு. ... பயந்துட்டியா? ... நானும்தான். ... வெயில்ல நிக்காதே, மரத்தடியிலயே இரு. தண்ணி இருக்கா? ... சரி. ... அந்த ஜன்னல் கண்ணாடி பாதியோட நின்னுடும். கைப்பிடியைக் கொஞ்சம் உள்ள அழுத்திட்டு சுத்து, முழுசா இறங்கும். ... ஆமா, அப்பத்தான் காத்து வரும். ... வந்திருக்காங்க, இங்கதான் நிக்கறாங்க. எதிர்லயே நிக்கறாங்க. ... அவங்ககிட்ட என்ன சொல்றதா?"

செயலரின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே, அந்த வீட்டில் நெடுங்காலமாக யாரும் சொல்லாத ஒன்றை, தினமும் சொல்லிப் பழகியவர் போல மூத்தவர் சொன்னார்.

"வண்டி வெளிய போயிருக்குன்னு சொல்றேன். ... ஆமா. அவ்வளவுதான். வச்சிடறேன்."